நிற்க முடியாத எஞ்சின்

அந்த ரயில்வே கேட்டில் இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று ஓடும் பாதை. இன்னொன்று ஓடாத பாதை.

ஓடும் பாதையில் நாளொன்றுக்குப் பதினோரு வண்டிகள் போகும். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் கேட் அறையில் தொலைபேசி மணி அடிக்கும். ஊசியின் அம்மா எடுத்துப் பேசுவாள். ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதுவாள். பிறகு வெளியே போய் இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவாள். சாலையின் இரு பக்கமும் நீளமான கம்பங்கள் மெல்ல இறங்கும். அம்மாதான் அங்கே கேட்கீப்பர்.

ஓடாத பாதைக்கு மணியும் கிடையாது, ரிஜிஸ்டரும் கிடையாது. அது குன்றின் மேலிருந்த கல்குவாரியிலிருந்து சரிவாக இறங்கி வரும். சாலையைக் கடந்து நூறடி போய், ஒரு மண்மேட்டில் முட்டிக்கொண்டு முடிந்துவிடும். குவாரியை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தண்டவாளம் துருவேறிச் சிவந்து கிடந்தது. நடுவில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

ஊசிக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் பள்ளி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகிப்பதில்லை. ஆள் ஒல்லி, பார்வை கூர்மை. சின்னச் சின்ன வேலை என்றால் சாப்பாடு மறந்துபோகும். "எறும்புக்குச் செருப்பு தைக்கச் சொன்னாக்கூட இவ உக்காந்து தைப்பா" என்று அம்மா சொல்வாள்.

கேட்டை ஒட்டியிருந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு நீராவி எஞ்சின்.

ஒரு முழ நீளம் இருக்கும். பித்தளைத் தகட்டில் செய்த கொதிகலன், புகைபோக்கி, டிரைவர் நிற்கும் சின்ன அறை, ஆறு சக்கரங்கள். பக்கவாட்டில் 17 என்று ஆணியால் கீறியிருந்தது. அவ்வளவுதான். யாரோ ஆசையாக ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அம்மா அதைப் பற்றி ரயில்வே இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். "முன்னாடி இருந்தவங்க போட்டுட்டுப் போன குப்பைம்மா. வேணும்னா வெச்சுக்கோ, இல்லேன்னா தூக்கிப் போடு" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஊசி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நிறைய இல்லம்மா."

"என்ன இல்ல?"

"விளக்கு இல்ல. விசில் இல்ல. பிடிச்சு ஏற கைப்பிடி இல்ல. ஒரு ஆணித்தலைகூட இல்ல."

"அப்போ செஞ்சு மாட்டு. உனக்குத்தான் பொழுது போகணுமே" என்றாள் அம்மா.

பள்ளி நூலகத்தில் ஒரு பழைய படப்புத்தகம் இருந்தது. அதில் இரண்டு பக்கத்துக்கு விரியும் ஒரு நீராவி எஞ்சின் படம். பக்கவாட்டில் இருந்து வரைந்தது. ஊசி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் கைப்பிடிகள். பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை வளைத்து, கொதிகலனின் இரண்டு பக்கமும் ஒட்டினாள். பிறகு ஆணித்தலைகள். ஊசிமுனையில் பசையைத் தொட்டுத் தொட்டு, வரிசையாக இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் வைத்தாள். காய்ந்ததும் கறுப்பு வர்ணம் பூசினாள். தகட்டின் மேல் நிஜ ஆணி அடித்த மாதிரியே இருந்தது.

ஒன்பதாவது நாள் விளக்கு. அறுந்துபோன பாசிமாலையிலிருந்து ஒரு கண்ணாடி மணி. அதற்குப் பின்னால் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். புகைபோக்கிக்கு முன்னால் வைத்து ஒட்டியபோது, அந்த எஞ்சினுக்குக் கண் திறந்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவும் ஊசியும் கேட் அறைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

குன்றின் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

"யாரோ டார்ச் எடுத்துட்டு வராங்க" என்றாள் அம்மா.

வெளிச்சம் சரிவில் இறங்கியது. மனிதர் நடக்கும் வேகம் இல்லை அது. ஓடாத பாதையின் மேலே, ஆள் உயரத்துக்கும் மேலாக, நேர்கோட்டில் வந்தது. சத்தமே இல்லை. அவர்களைக் கடந்து போனபோது கேட் கம்பங்களின் நிழல்கள் தரையில் சுற்றித் திரும்பின. அம்மாவின் நிழலும் ஊசியின் நிழலும் அப்படியே திரும்பின.

மண்மேட்டுக்கு அருகில் போனதும் வெளிச்சம் அணைந்துவிட்டது.

அம்மா பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்திரண்டு.

அம்மா எழுந்து மண்மேட்டின் பக்கம் இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"உள்ள வா, பனி கொட்டுது" என்றாள் அம்மா கடைசியில். ஊசியின் தோளைப் பிடித்த அவள் கை பனியைவிடக் குளிர்ந்திருந்தது.

மறுநாள் ஊசி விசில் செய்தாள். தீர்ந்துபோன பேனாவின் ரீஃபில் குழாயில் ஒரு துண்டு. அதன் மேல் ஒரு குண்டூசித் தலை. அவள் ஒட்டி முடிக்கும்போது ரேடியோ சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

ரேடியோ அவளுடைய வகுப்புத் தோழன். வாயை மூடவே மாட்டான். வாத்தியார் அவனை முன் பெஞ்சில் உட்காரவைத்தும் பார்த்தார், பின் பெஞ்சில் உட்காரவைத்தும் பார்த்தார். எங்கே வைத்தாலும் பாடியது.

நேற்றைய வெளிச்சத்தைப் பற்றி ஊசி சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "மின்மினிப் பூச்சியா இருக்கும். கொஞ்சம் பெரிய சைஸ்."

ஐந்து நாற்பத்திரண்டுக்கு வெளிச்சம் மறுபடி வந்தது. இந்த முறை அதோடு சத்தமும் வந்தது.

ஊ. ஊ. ஊ.

மூன்று குட்டி ஊதல்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. கேட்டைக் கடந்து, மண்மேடுவரை போய், சட்டென்று நின்றுபோனது. ஏதோ ஒரு கை அதன் வாயைப் பொத்திய மாதிரி.

ரேடியோ அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஊசிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆனாலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்புக்கரியைப் பொடித்து எஞ்சினின் கரித்தொட்டியில் நிரப்பினாள். அதன் அடுப்புக்குள் சிவப்பு ஜிகினாத்தாள் ஒட்டினாள். முகப்பில் இரண்டு பஃபர்களையும் பொருத்தினாள். எஞ்சின் எதிலாவது மோதினால் இடியை முதலில் வாங்கும் வட்டத் தட்டுகள் அவை. பழைய சட்டைப் பொத்தான்களை அரத்தால் ராவி அவற்றைச் செய்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அது வந்தபோது தரை அதிர்ந்தது. அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரித்துளிகள். ரேடியோ தன் சைக்கிளை ஓடாத பாதையின் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தான். 'டம்' என்று ஒரு சத்தம். சைக்கிள் காற்றில் எழும்பி முள்வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

முன்சக்கரம் எட்டுப் போட்டது போல வளைந்திருந்தது.

ரேடியோ சைக்கிளையே பார்த்தான். பிறகு ஊசியைப் பார்த்தான். "விளக்கு மாட்டின, வெளிச்சம் வந்துச்சு. விசில் மாட்டின, ஊதுச்சு. இன்னைக்கு என்ன மாட்டின?"

"பஃபர்" என்றாள் ஊசி.

"அதுக்கு நீ பஞ்சுல ஒரு தலகாணி மாட்டியிருக்கக் கூடாதா?"

அதன் பிறகு அவள் எஞ்சினைத் தொடவில்லை. தொடாவிட்டாலும் அது வந்தது. தினமும் ஐந்து நாற்பத்திரண்டுக்கு வந்தது.

அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வண்டிக்குத் தொலைபேசி மணி அடிக்கவில்லை. ரிஜிஸ்டரில் அதற்கு இடமில்லை. ஆனால் சாலையில் ஆட்கள் போகிறார்கள், குழந்தைகள் போகிறார்கள். திங்கட்கிழமை ஐந்தரைக்கே அவள் எழுந்து போய்ச் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை மூடினாள்.

கேட்டுக்கு வெளியே பால்வண்டி வந்து நின்றது. பால்வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "என்னம்மா, எந்த வண்டிக்கு மூடியிருக்கீங்க?"

"வருது."

"எது வருது?"

அம்மா குன்றைக் கைகாட்டினாள். அன்று அடர்ந்த மூடுபனி. பால்வண்டிக்காரர் தன் வண்டி எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை. இருபது நிமிடம் வீணாகப் போனது மட்டும் தெரிந்தது. மறுநாளே புகார் எழுதிப் போட்டார்.

புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"ஏம்மா, வராத வண்டிக்குக் கேட்டை மூடுறீங்களாமே?"

"வருது சார். பழைய பாதையில. கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்."

"பழைய பாதையில பாம்புகூட வராது" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லா வேலை பாக்கறவங்கன்னுதான் உங்களை இங்க போட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து நிக்கறேன். வண்டி வரலைன்னா மேல எழுதவேண்டியதுதான். அப்புறம் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவர் போன பிறகு அம்மா கரி படிந்த சட்டையை மூன்றாம் முறையாகத் துவைத்தாள். கறை போகவில்லை. ஊசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் ஆசைப்பட்டு ஒட்டிய பொத்தானும் கண்ணாடி மணியும் அம்மாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டனவே என்று நினைத்தாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அம்மா திட்டவில்லை. எஞ்சினைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு அழகா செஞ்சிருக்கியே" என்று மட்டும் சொன்னாள்.

ரேடியோவிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. "சுத்தியலால ஒரே போடு. வேலை முடிஞ்சுது. இல்லேன்னா குளத்துல போட்டுடு. அதுவும் வேணாம்னா ஒட்டினதையெல்லாம் பிடுங்கு."

மூன்றாவது யோசனை ஊசிக்குச் சரியாகப் பட்டது. இடுக்கியால் விளக்கை மெல்லப் பெயர்த்து எடுத்தாள்.

அன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கு வெளிச்சம் வரவில்லை. ரேடியோ சிரிக்க வாயைத் திறந்தான்.

அப்போது தரை அதிர்ந்தது. வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். எஞ்சின் வந்தது. பனிக்குள் பெரிய இருட்டு ஒன்று, எங்கே இருக்கிறதென்றே தெரியாமல், சரிவில் உருண்டு வந்தது. ஊ. ஊ. ஊ. அது கேட்டைக் கடக்கும்போது ஊசி வேறு சில சத்தங்களையும் கேட்டாள். இரும்பில் மண்வெட்டி உரசும் சத்தம். யாரோ இருமும் சத்தம். பிறகு ஒரு களைத்த குரல், யாரிடமோ சொன்னது: "கண்ணே தெரியலயேப்பா."

மண்மேட்டில் எல்லாம் அடங்கியது.

ஊசி வீட்டுக்குள் ஓடினாள். விளக்கை மறுபடி அதே இடத்தில் ஒட்டினாள்.

"ஏன் திரும்ப ஒட்டற?" என்று பின்னாலேயே வந்த ரேடியோ கேட்டான்.

"உள்ள ஆளுங்க இருக்காங்க."

"அதான் எனக்குப் பயமே."

"எனக்கும்தான். ஆனா அவங்க நம்மளைவிடப் பயந்துபோயிருக்காங்க. அந்தக் குரலைக் கேட்டியா?"

ரேடியோ தலையாட்டினான். கேட்டிருந்தான்.

ஊசி யோசித்தாள். தினமும் ஒரே ஊதல், மூன்று குட்டி ஊதல். வேண்டுமென்றேதான் ஊதுகிறார்கள். ஏதோ சொல்கிறார்கள். கேட் அறையின் சுவரில் ஒரு மஞ்சள் பலகை உண்டு. எந்த ஊதலுக்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதியிருக்கும். எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, ரேடியோவோடு அவள் அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"அம்மா, மூணு தடவை குட்டியா ஊதினா என்ன அர்த்தம்?"

அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அது மனப்பாடம். "வண்டி கட்டுப்பாட்டுல இல்ல, பிரேக் போட உதவி வேணும்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். "அடக் கடவுளே. இத்தனை நாளா அதையா கேக்கறாங்க?"

ஊசி எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினாள். அறை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். சக்கரம் இருந்தது. அச்சு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. புத்தகத்துப் படத்தில் சக்கரங்களை இணைக்கும் தண்டு பெரிதாக முன்னால் மறைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

ஆறு சக்கரம். ஒன்றுக்குக்கூட பிரேக் கட்டை இல்லை.

"அதனாலதான் நிக்க முடியல. இறங்க முடியல. தினமும் மேலேர்ந்து இறங்கி வந்துட்டே இருக்காங்க" என்றாள் ஊசி.

"பிரேக் எதுல செய்யறது?" என்று அம்மா கேட்டாள்.

ஊசியும் அம்மாவும் ஒரே நேரத்தில் ரேடியோவைப் பார்த்தார்கள். ரேடியோ ஜன்னல் வழியே தன் வளைந்த சைக்கிளைப் பார்த்தான்.

"அதுல மிச்சம் இருக்கறதே அந்த பிரேக் கட்டை ஒண்ணுதான்" என்று முனகினான். ஆனாலும் அவனே போய்க் கழற்றிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை மாலை முழுவதும் ஊசி வேலை செய்தாள். சைக்கிளின் பிரேக் ரப்பரைப் பிளேடால் மெல்லிய துண்டுகளாகச் சீவினாள். ஒவ்வொன்றும் நகம் வெட்டிய துணுக்கு அளவு. சக்கரத்தின் வளைவுக்கு ஏற்ப அதைத் தேய்க்கவேண்டும். சக்கரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். கம்பியில் கோத்து, எல்லாவற்றையும் ஒரே தண்டில் சேர்க்கவேண்டும். அந்தத் தண்டின் மறுமுனை டிரைவர் அறைக்குள் ஏறி, ஒரு கைப்பிடியில் முடியவேண்டும். கைப்பிடிக்கு ஒரு குண்டூசியை வளைத்துக்கொண்டாள்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு வெளியே அது ஊதிக்கொண்டு போனது. ஊசி தலை நிமிரவில்லை. "நாளைக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

தூங்கப் போகுமுன் நான்கு கட்டைகள் ஆகிவிட்டன. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஐந்தாவது ஆனது. சாயங்காலம் வந்து ஆறாவதை எடுத்தபோது அது இடுக்கியிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது. ரேடியோ தரையில் படுத்துத் தேடினான். ஒரு இறந்த கரப்பான், இரண்டு அரிசி, ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தன. கட்டை கிடைக்கவில்லை.

மணி ஐந்து இருபது. ஊசி புதிதாக ஒன்றைச் சீவ ஆரம்பித்தாள்.

வெளியே இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. "கேட்டை மூட வேண்டாம்மா. வண்டி வராதுன்னு நான் சொல்றேன்."

"சார், தயவுசெஞ்சு ஒரு பத்து நிமிஷம்."

"சரி, மூடுங்க. நானும் பாத்துட்டே போறேன்."

சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பால்வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஊசி ஆறாவது கட்டையைக் கம்பியில் கோத்து, பசை தொட்டு, இடுக்கியால் பிடித்துக்கொண்டாள். காய கால்மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கை ஆடக் கூடாது.

ரேடியோ ஜன்னலில் நின்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். அன்று அவன் வாய் உபயோகப்பட்டது. "இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு உள்ள போறாரு. ஓடாத பாதைக்குப் போறாரு. ஐயோ ஊசி, தண்டவாளத்துக்கு நடுவுல போய் நிக்கறாரு. கையைக் கட்டிட்டு நிக்கறாரு. வண்டி வந்தா என் மேல ஏறட்டும்னு உங்கம்மாகிட்ட சொல்றாரு."

"மணி என்ன?"

"நாப்பது."

ஊசி மூச்சை மெதுவாக விட்டாள். பசை இன்னும் பளபளத்தது.

குன்றின் மேல் மஞ்சள் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. ஊ. ஊ. ஊ.

"சார், வந்துருங்க" என்று அம்மா கத்துவது கேட்டது. பால்வண்டியின் ஹாரன் பாதியில் நின்றுவிட்டது. தரை அதிர்ந்து, மேசை மேலிருந்த பசைக் குப்பி நகர ஆரம்பித்தது.

"அவரு நகரல" என்றான் ரேடியோ. "பாத்துட்டாரு. ஆனா கால் வரல அவருக்கு. அப்படியே நிக்கறாரு. உங்கம்மா ஓடறாங்க."

ஊசி ஆறாவது கட்டையை விட்டாள். அது விழவில்லை. இடுக்கியை டிரைவர் அறைக்குள் நுழைத்து, வளைந்த குண்டூசியைப் பிடித்தாள். அது நெருப்பாய்ச் சுட்டது. இடுக்கி வழியே சூடு விரலுக்கு ஏறியது. அவள் விடவில்லை. மெல்ல, ஒரே சீராக, கைப்பிடியைத் திருப்பினாள்.

ஆறு கட்டைகளும் ஒன்றாகப் போய்ச் சக்கரங்களைத் தொட்டன.

வெளியே ஒரு அலறல். இரும்பை இரும்பு கவ்வும் அலறல். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. தீப்பொறிகள் பனியைக் கிழித்துக்கொண்டு பறந்தன. அலறல் நீண்டது, தேய்ந்தது, முனகலாயிற்று.

பிறகு ஒரு பெரிய 'உஸ்'. வெள்ளை நீராவி கேட்டையும் சாலையையும் பால்வண்டியையும் மூடியது.

ஊசியும் ரேடியோவும் வெளியே ஓடிவந்தார்கள். நீராவிக்குள் மஞ்சள் விளக்கு மட்டும் அசையாமல் நின்றது. அதற்கு எதிரே ஒரு கை தூரத்தில் இன்ஸ்பெக்டர் நின்றார். அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். அவர் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது. கட்டிய கைகளை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

மேலேயிருந்து ஒரு குரல், மிகவும் களைத்த குரல், மரியாதையாகச் சொன்னது:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். இறங்கணும்."

"மன்னிக்கணும்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தள்ளி நின்றார்.

இரும்புப் படியில் காலணிகள் இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜோடி. பிறகு இன்னொன்று. சரளைக்கல் நொறுங்கியது.

"அப்பாடா" என்றது இரண்டாவது குரல். அது இளைய குரல். "தரை என்ன ஆடாம இருக்கு."

"வா, வா. வீட்ல தேடுவாங்க."

காலடிச் சத்தங்கள் ஊசியைத் தாண்டிப் போயின. அவளுக்கு அருகில் வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்றன. கரியும் எண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. ஊசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

"பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள்.

காலடிகள் சாலையில் இறங்கித் தூரத்தில் கரைந்தன.

நீராவி விலகியபோது ஓடாத பாதை காலியாக இருந்தது. ஆனால் துருவேறிய தண்டவாளம், மேலிருந்து இன்ஸ்பெக்டரின் கால்வரை, தீட்டிய கத்தி மாதிரி பளபளவென்று இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல நடந்து கேட் அறைக்குள் போனார். ரிஜிஸ்டரில் தன் கையாலேயே எழுதினார்: "5.42. பழைய பாதையில் ஒரு வண்டி வந்து நின்றது. கேட் ஒழுங்காக மூடப்பட்டிருந்தது." கீழே கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு தடவை வழுக்கியது.

"ஒரு டம்ளர் தண்ணி கொடும்மா" என்றார்.

பால்வண்டிக்காரர் வண்டியின் பின்கதவைத் திறந்து, ஒரு கேனின் மூடியை எடுத்தார். ஆவி பறந்தது. அவர் உள்ளே பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார்.

"எல்லாப் பாலும் காஞ்சிடுச்சும்மா" என்றார். "ஏடுகூடக் கட்டியிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் புகாரைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எல்லாரும் அங்கேயே ஆளுக்கொரு டம்ளர் பால் குடித்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு டம்ளர் குடித்தார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. சாலையோர ஈரமண்ணில் இரண்டு ஜோடிக் காலணித் தடங்கள் தெரிந்தன. கொஞ்ச தூரம் சேர்ந்தே போய், தெரு பிரியும் இடத்தில் ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் போயிருந்தன. ஊசி அவற்றை மிதிக்காமல் நடந்தாள்.

அன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கு எதுவும் வரவில்லை. ஓடாத பாதையின் மேல் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ரேடியோ ஜன்னலோரம் இருந்த எஞ்சினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஆராய்ந்தான். ஒரு கண்ணை மூடி, டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் பண்ணின. ஆனா ஒண்ண மறந்துட்டியே. உள்ள ரெண்டு ஆள் செஞ்சு வைக்கலையா?"

ஊசி தூரிகையைக் கழுவி, துணியில் ஒற்றி எடுத்தாள்.

"மறக்கல" என்றாள். "அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."